ஆயுசுக்கும் தோட்டா

இப்பிடி உள்ள தள்ளி உக்காரு அம்மிணி. இவ்வளவு தூரமும் நின்னுட்டேவா வருவ? என்ற வலது தோள்ல மட்டும் இடிச்சுறாத, தொட்டா உசுரு போவுது. இல்லில்ல, எங்கயும் உழுகல. ஆஸ்பத்திரிக்கும் போகல. துப்பாக்கி சுட்டுட்டு வர்றேன்.

பாத்தியா, சிரிக்கற. டிக்கெட் குடுத்தானே, அந்தக் கண்டக்டரும் இப்பிடித்தான் சிரிச்சான். நெசமாத்தான் சாமி. கோயமுத்தூர்ல துப்பாக்கி கிளப்புன்னு ஒன்னு இருக்குது. அங்க பரிச்சை வெச்சாங்க, பாசாயிட்டேன். பள்ளிக்கூடத்துல ஒம்பதாவதுல பெயிலானவ நானு. அதுக்கப்பறம் இன்னிக்குத்தான் ஒருத்தரு என்னையப் பாத்து பாசுன்னு சொல்றாங்க. உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ஒரு சோடா குடிச்சேன், அதுக்கே தலை கிறுகிறுங்குது. யாருகிட்டயாச்சும் சொல்லலீன்னா வெடிச்சுருவேன். நீ வந்து மாட்டிக்கிட்ட.

என்ற பேரு மயிலாத்தா. கோமங்கலத்துக்கிட்ட தோட்டம். தென்னை, கொஞ்சூண்டு மக்காச்சோளம். பையன் ஓசூர்ல இருக்கறான், ஊட்டுல நானும் எங்கூட்டுக்காரரும்தான். நான் துப்பாக்கி சுட்ட கதைய நீ கேக்கோணும்னா அந்த மனுசன் பண்ணுன அழிச்சாட்டியத்த மொதல்ல கேக்கோணும். எனக்கு வேற வழியில்லாமப் போயித்தான் சுட்டேன்.

எங்கூட்டுல மூணு துப்பாக்கி இருந்துச்சு. பயப்படாத, எல்லாம் லைசென்சு போட்டது. காட்டுப்பன்னி வந்து சோளத்த உழுது போட்டுட்டுப் போயிரும், மேல பாத்து சுட்டு வெரட்டறதுக்கு. ஒன்னு அவங்க அப்பாரு காலத்துது, ஒத்தக்குழலு, என்ற ஒசரம் இருக்கும். இன்னொன்னு இவரா வாங்குனது, ரெட்டக்குழலு, பன்னெண்டு போரு, போருன்னா குழலு அளவு, கருகருன்னு பளபளன்னு இருக்கும். மூணாவது எங்கய்யனோடது, என்னையப் பெத்தவரோடது. பதினாறு போரு. கட்டை விரிசல் உட்டு கம்பி சுத்தி வெச்சிருக்கும். அதுக்குத் தோட்டாவே இப்ப எந்தக் கடையிலயும் வர்றதில்ல.

அந்தப் பழைய துப்பாக்கி எப்பிடி எங்கூட்டுக்கு வந்துச்சுன்னு சொல்லிர்றேன், அப்பத்தான் உனக்கு வெளங்கும். நான் கட்டிக்கிட்டு வந்தப்ப போனு கீனு எதும் இல்ல. பொறந்த ஊரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கூப்புடு தூரமில்ல, ஆனா துப்பாக்கி சத்தம் கேக்கற தூரம். எங்கய்யன் என்ன பண்ணுவாருன்னா, பொங்க நோம்பி நாளு வெடியால எந்திரிச்சு தோட்டத்துல நின்னு ரெண்டு வேட்டுப் போடுவாரு. ஒன்னு போட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொன்னு. நான் இங்க வாசல்ல கோலம் போட்டுட்டு காத நீட்டிட்டு நிப்பேன். கேட்டுருச்சுன்னா போதும், அங்க எல்லாரும் சொகமா இருக்கறாங்கன்னு அர்த்தம். அப்பறந்தான் எனக்குப் பொங்கப் பானையே அடுப்புல ஏறும்.

ஒரு வருசம் சத்தம் வரல. அரிசியக் களஞ்சுட்டே இருக்கறேன், களஞ்சுட்டே இருக்கறேன். இவரு பல்லு வெளக்கிட்டு இருந்தவரு, வாயக் கொப்புளிச்சுட்டு வந்து வண்டிய எடுத்து, "ஏறு புள்ள"ன்னாரு. அவ்வளவுதான் பேசுனாரு. நாங்க போயி சேந்தப்ப எங்கய்யன் பேச்சில்லாமக் கெடந்தாரு. அந்தப் பொங்கலோட போயிட்டாரு. எங்கண்ணன், "இந்த சனியனுக்கு ஆபீசு ஆபீசா ஏற என்னால ஆவாது, வேணும்னா நீ எடுத்துக்க"ன்னுட்டான். இவரு பேருல மாத்தி எடுத்துட்டு வந்தோம்.

ஊட்டுக்கு வந்ததுக்கப்பறம் அத யாரும் சுட்டதில்ல. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நாந்தான் எண்ணெய் போட்டுத் தொடைப்பேன். சாமி வெளக்கத் தொடைக்கறப்ப கூடவே அதையும். ஆயுத பூசைக்கு மூணுக்கும் சந்தனம் வெச்சாலும் எங்கய்யன் துப்பாக்கிக்கு ஒரு பொட்டு கூட வெப்பேன். அது போயிருச்சுன்னா எனக்குப் பொறந்த ஊடே போன மாதிரி. இத நான் அவருகிட்ட வாயத் தொறந்து சொன்னதே இல்ல. எதுக்குச் சொல்லோணும்? அந்த மனுசனுக்கு அதெல்லாம் எங்க புரியப் போவுது.

இப்பிடி இருக்கறப்பத்தான் சர்க்காருல புதுசா சட்டம் வந்துச்சு. மின்ன ஒரு ஆளு மூணு வெச்சுக்கலாம், இப்ப ரெண்டுதான். ஒன்னக் குடுத்துரோணும். எது போகும் சொல்லு? ஓட்டை ஒடசல்தான போகும்? எனக்குச் சோறு எறங்கல. அவரு கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல. மொறச்சுக்கிட்டே பரிமாறுவேன், அவரு தின்னுட்டே இருப்பாரு.

அந்த நேரத்துலதான் அவருக்கு சிம்பிள் பைத்தியம் புடிச்சுது.

ஆமா, சிம்பிளு. வயசானா சாமானத்தக் கொறைச்சு சிம்பிளா வாழோணும்னு போன்ல யாரோ பேசுனதக் கேட்டுப் போட்டாரு. மொதல்ல சட்டை. அலமாரி நெறைய இஸ்திரி போட்ட சட்டை அம்மிணி, அத்தனையும் தூக்கி ஆளுகளுக்குக் குடுத்துட்டு, தலையில மாட்டிக்கற ஜிப்பா நாலு தெச்சுக்கிட்டாரு. பட்டனெல்லாம் எதுக்கு, சிம்பிளா இருக்கட்டும்னாரு. அப்பறம் வண்டி. நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு மச்சினன் பையனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. பால் சங்கத்துல தலைவரு பதவி, செக்குல கையெழுத்துப் போடற ஆளு, அதையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. காப்பி கூட டம்ளர்ல வேண்டாமா, பெரிய சொம்புல அரை சொம்பு ஊத்தோணுமா. விருந்தாளி முன்னாடி சொம்பத் தூக்கி ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடிப்பாரு. மானம் போகும் எனக்கு.

அவருக்கு சிம்பிளு, எனக்கு டபுளு. சவரம் நான் பண்ணி விடோணும். செருப்பு வாரு நான் மாட்டி விடோணும். தேங்கா எண்ணெய் பாட்டல் மூடி நான் தொறக்கோணும். சோம்பேறித்தனத்துக்கு என்ன பேரு வெச்சிருக்காரு பாத்துக்க.

அப்பறம் ஒருநாளு மத்தியானம் சாப்புட்டு ஏப்பம் உட்டுட்டு சொன்னாரு, "ஏம்புள்ள, துப்பாக்கி ரெண்டு கூட வேண்டாம். ஒன்னு போதும்."

எனக்கு கையில இருந்த கரண்டி கீழ உழுந்துருச்சு. சரி, தொலைஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். மறுநாளு வாடகைக்குக் காரு புடிச்சு வந்தாரு. நான் சமையக்கட்ட உட்டு வெளியவே வரல. எதுக்கு வந்து பாக்கோணும்? காரு கெளம்புன சத்தம் கேட்டதுக்கப்பறம் போயி அலமாரியத் தொறந்தேன்.

எங்கய்யன் துப்பாக்கி அங்கயே நிக்குது.

அப்பாரோட ஒத்தக்குழலும் இல்ல, பன்னெண்டு போரு பளபளாவும் இல்ல! ரெண்டையும் கோயமுத்தூரு துப்பாக்கிக் கடையில கொண்டு போயி ஒப்படைச்சுட்டாரு. எனக்குச் சிரிப்பா வருது, அழுகையா வருது, அலமாரியக் கட்டிக்கிட்டு நிக்கறேன். சாமி, அந்த நேரம் எவளாச்சும் பாத்திருந்தா பேயி புடிச்சுருச்சுன்னு வேப்பெல ஒடிச்சிருப்பா. ஆனா அவரு திரும்பி வந்தப்ப நான் மூஞ்சியத் தூக்கித்தான் வெச்சிருந்தேன். "நல்லதக் குடுத்துட்டு ஓட்டையப் புடிச்சு வெச்சிருக்கறீங்களே, தோட்டாக்கு எங்க போவீங்க"ன்னு கேட்டேன். கேக்காம உடலாமா? புத்தி கெட்ட வேலைதான அது?

"நாமளே ரொப்பிக்கலாம் புள்ள"ன்னாரு.

அங்கதான் புடிச்சுது சனி. வால்பாறைல ஒரு பழைய எஸ்டேட் பங்களாவக் காலி பண்றாங்கன்னு யாரோ சொன்னாங்களாம், போயி பதினாறு போரு பித்தளைத் தோட்டா, எல்லாம் காலித் தோட்டாதான், ரெண்டு சாக்கு கட்டிட்டு வந்தாரு. கடைக்காரருகிட்டச் சொல்லி வெச்சு ஈயக்குண்டு டின்னு டின்னா வந்து எறங்குது. கேப்புன்னு ஒன்னு, தோட்டா அடியில பதிச்சு வெடிக்க வெக்கறது, துளியூண்டு இருக்கும், அது பெட்டி பெட்டியா. வெடிமருந்து மட்டும் லைசென்சுல என்ன போட்டிருக்கோ அவ்வளவுதான், அதுல ஒரு குண்டுமணி கூடக் கூடாதுன்னு கண்டிப்பா இருந்தாரு. மத்ததெல்லாம் ஊடு நெறைய. அட்டாலிப் பரண்ல என்ற முறுக்கு டின்னு இருந்த எடத்துல ஈயம். பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில கேப்பு. ஏனுங், சிம்பிள்னு சொன்னீங்களே இதுதான் உங்க சிம்பிளான்னு கேட்டா, "துப்பாக்கி ஒன்னுதான புள்ள"ங்கறாரு. இதுக்கு என்னத்தச் சொல்லுவ?

பித்தளையெல்லாம் களிம்பு ஏறிக் கெடந்துச்சு. யாரு வெளக்குனா? நாந்தான். புளி போட்டுத் தேச்சு மொட்டை மாடியில வடகத்துக்குப் பக்கத்துலயே காய வெச்சேன். எங்க நாத்தனா வந்தவ, "அண்ணி, குட்டிக் குட்டியா என்ன அழகா இருக்குது, எந்தக் கோயல்ல வாங்குனீங்க"ன்னு கேட்டு ஒன்னு எடுத்துட்டுப் போயி திருநீறு போட்டு வெச்சிருக்கறா. நான் உண்மையச் சொல்லல. தெனமும் அவ புருசன் நெத்தியில அதுல இருந்துதான் பூசறாரு!

குண்டுக்கும் மருந்துக்கும் நடுவுல கம்பளியில வட்டமா வெட்டி ஒரு அடைப்பு வெக்கோணும். கம்பளிக்கு எங்க போறது? போர்வைய வெட்டுனாரு. பத்தல. ஊட்டிக் கம்பளித் தொப்பி ஒன்னு வெச்சிருந்தாரு, பால் சங்கத்துல தலைவரானப்ப எல்லாரும் சேந்து போட்டு விட்டது. கல்யாணம் காச்சி எங்க போனாலும் அது தலையில இருக்கும். போட்டாவுல எல்லாம் அந்தத் தொப்பிதான் மொதல்ல தெரியும், அப்பறந்தான் இவரு. அதைய எடுத்துட்டு வந்து பலகையில வெச்சு, உளிய நிறுத்தி, "ம், அடி புள்ள"ங்கறாரு. வேண்டாங்க, ஆசையா வெச்சிருந்ததாச்சேன்னேன். "அடி, உன்ற கைதான் நேரா வருது"ன்னாரு. அடிச்சேன். வட்டமா வந்து உழுந்துச்சு. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைகளாட்ட சிரிச்சோம் போ.

எல்லா வேலையும் இப்பிடித்தான். மருந்து அளந்து ஊத்தறது நானு. கேப்பு பதிக்கறது நானு. கேட்டா கண்ணு தெரியலீங்கறாரு. பேப்பருல கீழ மூலையில பொடி எழுத்துல வர்ற வெளம்பரத்தக் கண்ணாடி இல்லாமப் படிக்கறவருக்குக் கண்ணு தெரியலியாமா. சேருல உக்காந்துட்டு, "கொஞ்சூண்டு கம்மி பண்ணு, ம், அவ்வளவுதான்"ன்னு வாய்ல வேலை செய்வாரு. கையி ரெண்டையும் தொடைக்கடியில வெச்சுக்குவாரு, குளுராமா. சித்திரை மாசத்துல!

கிணத்துக்கடவு வந்துருச்சா? பொறு, இன்னும் பரிச்சைக்கே வரல நானு.

இத்தனையும் பண்ணிப் போட்டு, கடைசில சொன்னாரு, லைசென்சும் என்ற பேருல வேண்டாம், உன்ற பேருக்கு மாத்திரலாம், ஆனா அதுக்கு நீ போயி சுடற பரிச்சை பாசாகோணும்னு. எனக்கு வந்துச்சே ஆத்தரம். ஆபீசு படி ஏறறதுக்குக் கூடவா சோம்பேறித்தனம்? முடியாதுன்னுட்டேன். அதுக்கு அவரு சொல்றாரு, "சரி புள்ள, அப்ப இதையும் கடையில குடுத்துரலாம்."

என்ற வீக் பாயிண்டு எதுன்னு தெரிஞ்சேதான் சொன்னாரா, தெரியாமத்தான் சொன்னாரா, சொல்லத் தெரியல. நான் மறுநாளே வந்து கிளப்புல பேரு குடுத்துட்டேன்.

அங்க எல்லாம் பேண்டு போட்ட புள்ளைக. நான் ஒருத்திதான் சுங்கடிச் சேலை. சொல்லிக் குடுக்கற மாஸ்டரு, "பாட்டிம்மா, யாருக்குத் தொணைக்கு வந்தீங்க"ன்னாரு. நீதான் சாமி எனக்குத் தொணைன்னேன். அன்னிலருந்து அவரு என்னைய பாட்டின்னு கூப்புடறதில்ல, மேடம்தான். எப்பிடிப் புடிக்கறது, எப்பிடிக் கீழ வெக்கறது, ஆளு பக்கம் திருப்பவே கூடாதுன்னு எல்லாம் ஒழுங்காச் சொல்லிக் குடுத்தாரு. துப்பாக்கி சுத்தம் பண்றதுல நான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன், அது வேற கதை.

இன்னிக்குப் பரிச்சை. சுட்டா பின்னால வந்து தோள்ல ஒதைக்கும்னு தெரியும், துண்ட நாலா மடிச்சு வெச்சுக்கிட்டேன். முருகான்னு கண்ணத் தொறந்துட்டே சுட்டேன். டமார்! அட்டையில ஓட்டையே இல்ல. மாஸ்டரு தேடறாரு, தேடறாரு. பாத்தா பக்கத்துல நின்ன பொண்ணோட அட்டையில நட்ட நடுவுல போட்டிருக்கறேன்! அந்தப் புள்ள நானா சுட்டேன்னு குதிக்குது. அவளுக்கு அது பாசாகவே போதுமாம். மாஸ்டரு தலையில கைய வெச்சுட்டு, "மேடம், உங்க அட்டை இங்க இருக்குது"ங்கறாரு. அடுத்த தடவை மூச்சப் புடிச்சேன். அப்ப எனக்கு என்ன நெனப்பு வந்துச்சு தெரியுமா? இதுல தவறுனா எங்கய்யன் துப்பாக்கி போயிரும். அவ்வளவுதான் நெனச்சேன். அப்பறம் சுட்டதெல்லாம் என்ற அட்டையிலதான்.

பாசுன்னாங்க. நான் மாஸ்டரக் கட்டிப் புடிச்சுட்டேன். பாவம், அவரு கூச்சப்பட்டுக் கம்பமாட்ட நின்னாரு.

ஒடனே அவருக்குப் போனு போட்டேன். "ஏனுங், பாசு"ன்னேன். சத்தமே இல்ல. "ஏனுங், கேக்குதுங்களா, பாசாயிட்டேன்." ம்கூம். மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும் வருது. டவரு இல்லியா, சளி புடிச்சுக்கிச்சா தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, நல்லபடியா வந்து சேரு"ன்னு வெச்சுட்டாரு. பொண்டாட்டி துப்பாக்கி சுட்டுப் பாசாயிருக்கறா, ஒரு வார்த்தை பாராட்டோணும்னு தோணுச்சா பாரு. நானும் மானங்கெட்டவ, ஒப்பணக்கார வீதிக்குப் போயி அவருக்குத் தொப்பி வாங்கிட்டு வர்றேன். இந்தா, இதுதான். நல்லா இருக்குதா? பழசு மாதிரியே கெடைக்கல. இதையும் வெட்டிப் போடாம இருந்தாச் சரி.

என்ன கேட்ட? கையி நடுங்குமான்னா? அவருக்கா?

கொஞ்சூண்டு ஆடும். யாருக்குத்தான் ஆடாது, அறுவத்தெட்டு வயசாச்சு. காலைல இன்னுங் கொஞ்சம் சேத்தி ஆடும். ஏன் அம்மிணி, உன்ற மூஞ்சி எதுக்கு இப்பிடிப் போச்சு? உங்க தாத்தாவுக்கும் இப்பிடித்தான் மொதல்ல கையி ஆடுச்சா? அட, அது வேற, இது வேற. காலைல நான் கெளம்பறப்பக் கூட இவரு ஆறு பணியாரம் தின்னாரு, நாந்தான் ஊட்டி விட்டேன், சோம்பேறி. நல்லாத்தான் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு சாமி.

எங்க ஸ்டாப்பு வரப் போவுது, கொஞ்சம் வழி உடு. அதோ பாரு, புளிய மரத்துக்கடியில. நடந்தே வந்து நிக்கறாரு. கையி ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு எப்பிடி நிக்கறாரு பாரு, கலெக்டருன்னு நெனப்பு. ஏனுங்! இங்க! பின்னால வாசலுக்கு வாங்க!

ஒன்னே ஒன்னு சொல்லிட்டு எறங்கிர்றேன். இவ்வளவு தோட்டா எதுக்குங்க, எத்தன வருசத்துக்குங்கன்னு ஒருநாளு சண்டை போட்டேன். "ஆயுசுக்கும் பத்தும் புள்ள, நீ ஒரு கடைக்காரன்கிட்டயும் போயி நிக்க வேண்டாம்"னாரு. யாரு ஆயுசுக்குன்னேன். உன்றதுக்குன்னாரு. அப்ப உங்களதுக்குன்னு கேட்டேன். சிரிச்சுட்டு தோட்டத்துக்குப் போயிட்டாரு. இரு கண்டக்டரு, எறங்கறேன், விசிலடிக்காத. நீயே சொல்லு அம்மிணி, படிச்ச புள்ள நீ. ஊடு நெறையக் கெடக்குது. அத்தனையையும் நான் ஒருத்தியா எப்பிடிச் சுட்டுத் தீப்பேன்?